சான்றிதழ் இல்லாக் கையொப்பத்தில் சாவி ரத்து: எங்கள் நிலைப்பாடு

சான்றிதழ் இல்லாத டிஜிட்டல் கையொப்ப முறைகளை எங்கள் அமைப்பு எதிர்க்கவில்லை. 2003இல் அல்-ரியாமியும் பேட்டர்சனும் முன்வைத்த இந்த ஏற்பாட்டில், சாவி மையம் பாதிச் சாவியைத் தரும். மீதியைப் பயனரே உண்டாக்கிச் சேர்த்துக்கொள்வார். முழுச் சாவி மையத்தின் கைக்குப் போகாது. சான்றிதழைத் தேடிச் சரிபார்க்கும் வேலையும் மிச்சம். ஆனால் 'இந்தச் சாவி இனிச் செல்லாது' என்று ஊரறிய அறிவிக்க இருந்த இடம் அந்தச் சான்றிதழ்தான். அந்த இடமும் சேர்ந்து போய்விட்டது.

அதற்குப் பதிலாக வந்தது காலக்கெடு. 2012இல் வெளியான இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 6507 தன் கையொப்பத்தைச் சான்றிதழ் இல்லாதது என்றே அழைக்கிறது. (அதில் சாவி முழுவதையும் மையமே தருகிறது, ரத்துப் பிரச்சினை என்னவோ அதேதான்.) அதன் துணை ஆவணமான 6509இல் பயனரின் அடையாளம் என்பது தொலைபேசி எண்ணும் அதற்கு முன்னால் ஆண்டு, மாதமும். மாதம் மாறினால் புதுச் சாவி. ஒருவரை நீக்க வேண்டுமா, அடுத்த மாதச் சாவியைத் தராமல் இருந்தால் போதும். 3ஆம் தேதி போனைப் பறிகொடுத்தவர் மாதக் கடைசி வரை என்ன செய்வார்? சம்பளப் பட்டியலுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் இது போதவே போதாது.

ஒவ்வொரு கையொப்பத்திலும் ஓர் இடைச் சேவையகம் பங்கெடுக்கும் முறையும் உண்டு. ரத்து அந்த நொடியே நடக்கும். சேவையகம் படுத்தால் எல்லோர் கையும் கட்டப்படும்.

எங்களை அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, சான்றிதழை 15 நாளுக்கு மேல் நிறுத்திவைக்க வேண்டுமானால் உரியவரின் பேச்சைக் கேட்கச் சொல்கிறது; ரத்துக்கும் அப்படியே. நிறுத்தமோ ரத்தோ, அறிவிப்பைப் பதிவகத்தில் வெளியிடவும் வேண்டும். கெடு முடிந்ததும் மாறும் காலச்சாவி முறையில் ரத்து என்பது ஒரு செயலே அல்ல, கொடுக்காமல் இருப்பது. பதிவும் இல்லை, காரணமும் இல்லை. சேவையகக் கோளாறா, வேண்டுமென்றே செய்ததா என்று பயனரால் நிரூபிக்க முடியாது.

ஆகவே, காலச்சாவி மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது நேரத்தோடும் காரணத்தோடும், பின்னால் திருத்த முடியாத பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். உரியவருக்கு உடனே தகவல் போக வேண்டும். பயனரே தன் சாவியை முடக்கக் கேட்டால் கேள்வியின்றி முடக்க வேண்டும். பணமோ சொத்தோ கைமாறும் இடங்களில் காலச்சாவியின் ஆயுள் ஒரு நாளைத் தாண்டக் கூடாது.

முன்தேதி மோசடியையும் அடைக்க வேண்டும். பயனரின் நிரந்தரச் சாவியோடு சேர்த்துப் பயன்படுத்தும் காலச்சாவிகளைப் பொது வழியில் அனுப்பும் திட்டங்களில் பழையவை எவருக்கும் கிடைக்கும். ஜூலையில் பயனரின் நிரந்தரச் சாவியைத் திருடியவன், மே மாதக் காலச்சாவியை அதோடு சேர்த்து மே மாதத் தேதியிட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிடலாம். கணிதம் அதை ஏற்றுக்கொள்ளும். எனவே சாவி மையத்தோடு தொடர்பில்லாத நேர முத்திரைச் சேவையின் முத்திரை இல்லாத கையொப்பத்தை, ரத்தான சாவியைப் பொறுத்தவரை, எந்த அலுவலகமும் ஆதாரமாக ஏற்கக் கூடாது. இந்த ஏற்பாடுகள் இல்லாத திட்டம் எதையும் அரசுச் சேவைகளுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.