பழைய மடிக்கணினியில் முப்பரிமாணம்

முப்பரிமாண வரைகலை பயில விரும்பும் அருமனைப் பிள்ளையின் கையில் இருப்பது, தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த விலையில்லா மடிக்கணினி என்று கொள்வோம். அவனுக்கு நாம் காட்டும் வழிகள் இரண்டே: வட்டித் தவணையில் புதுக்கணினி, அல்லது பூட்டுடைத்த மென்பொருள். முன்னதை ஹராம் என்று விலக்கும் நாம், பின்னதைக் களவென்று எண்ணுவதேயில்லை!

பிளெண்டர் இருக்கிறது. 2002-இல் பயனர்கள் ஒரு இலட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து அதன் மூலநிரலை விடுவித்தனர். அன்றுமுதல் எவரும் இலவசமாகவே பயன்படுத்தலாம். ஆனால் 2019-இல் வந்த 2.80 பதிப்பு ஓபன்ஜிஎல் 3.3 கேட்கிறது. 2011 காலத்து இன்டெல் எச்டி 3000 வரைகலையோ விண்டோஸில் 3.1-உடன் நின்றுவிடும். முந்தைய 2.79 பதிப்புக்கு 2.1 போதும். உருவமைத்தல், ஒளியமைப்பு, அசைவூட்டம் யாவும் அதிலேயே கற்கலாம்.

இறுதிப் படத்தை உருவாக்குவதுதான் பாடு. சிறு காட்சிக்கே இரவு முழுதும் ஆகலாம். அசைவூட்டத்தைக் காணொளியாக அன்றித் தனித்தனிப் படங்களாகச் சேமிக்கட்டும். நடுவே மின்சாரம் போனாலும் முடிந்தவை மிஞ்சும்; மழைக்காலத்தில் இது சிறிய நன்மையன்று.

பெரிய காட்சிகளை அக்கணினி தாங்காது, மறுக்கவில்லை. அதற்கு ஜமாஅத் அழகிய கடனாக ஒரு கணினி வாங்கித் தரலாமே. திருமணப் பந்தலுக்குச் செலவிடும் ஊர்தானே இது?