ஓசை உயிர் காக்குமா?

உங்கள் தெருவிலும் ஒருவன் இருப்பான். பெயர் எதுவானால் என்ன? இராத்திரி பத்தரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் தெருமுனை திரும்புவான். அவன் வருவதற்கு முன்பே அவனுடைய சப்தம் வந்துவிடும். அவன் போன பிறகும் அது போகாது. தொட்டிலில் அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை வீரிட்டு அழும். கூடத்தில் படுத்திருக்கும் தாத்தா எழுந்து உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொள்வார். "எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ!" என்று நீங்கள் முணுமுணுப்பீர்கள்.

அந்தத் தாய் நம் வாசகிகளில் ஒருவராகவும் இருக்கலாம் அல்லவா? ஆகையால் பிள்ளையின் கட்சியையும் கொஞ்சம் கேட்டுவிடுவோம்.

"லாரிக்காரரும் கார்க்காரரும் எங்களைக் கண்ணெடுத்தே பார்ப்பதில்லை. சப்தம் கேட்டாலாவது ஒதுங்குவார்கள். பெரிய ஓசைதான் உயிரைக் காக்கும்" என்கிறான் அவன். இது அவன் சொந்தச் சரக்கல்ல. அமெரிக்க மோட்டார் சைக்கிள்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் மகாவாக்கியம்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரிலேயே போய் ஆராய்ந்து, ஹாரி ஹர்ட் என்பவர் 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மோட்டார் சைக்கிள் வருவதைக் கார்க்காரர் சரியான சமயத்தில் கவனியாததே மோதல்களுக்குப் பெரிய காரணம் என்று அவரும் கண்டார். ஆனால் ஆபத்து பெரும்பாலும் முன்புறமிருந்துதான் வருகிறது என்பதையும் அதே அறிக்கை கூறுகிறது. புகைக்குழாயோ பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது! எதிரே வரும் லாரிக்கு எச்சரிக்கை செய்ய, முதுகுப்புறம் திரும்பிக் கூவுவார்களா? பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும், பளிச்சென்ற சட்டை வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் யோசனை. நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் விளக்குத் தானாகவே எரிவது இந்தக் காரணத்தினால்தான்.

சப்தமே இல்லாத வண்டி வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. சென்னையில் தயாராகும் புல்லட்டின் 'டப் டப்' ஓசைக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. இருக்கட்டும். வம்பு எங்கே தொடங்குகிறது? கம்பெனி பொருத்திய சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயை மாட்டும்போது. சைலன்ஸருக்குள்ளே சிறு சிறு அறைகளும் தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. இஞ்சினிலிருந்து சீறி வரும் ஓசை அவற்றில் மோதி மோதி அடங்குகிறது. வாசலில் கோபமாக நுழைந்த சம்பந்தி, நாலு கட்டு வீட்டைக் கடந்து கொல்லைப்புறம் வருவதற்குள் குரல் இறங்கிவிடுவதைப் போல!

175 ஸி.ஸி.க்கு மேற்பட்ட புது மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் அனுமதிக்கும் ஓசை 80 டெஸிபல். இந்தக் கணக்கு அரிசி, பருப்புக் கணக்கு அல்ல. 10 டெஸிபல் கூடினால் ஓசையின் சக்தி பத்து மடங்காகிறது. ஆக, 90 டெஸிபலில் ஒருவன் போனால், ஒழுங்கான பத்து வண்டிகள் சேர்ந்தாற்போல் உங்கள் ஜன்னலடியில் போன மாதிரி. குடியிருப்புப் பகுதியில் இராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை சராசரி ஓசை 45 டெஸிபலைத் தாண்டலாகாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டியின் ஓசை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். விசாகப்பட்டினத்துப் போலீஸார் 2024-இல், பறித்த சைலன்ஸர்களை நடுரோட்டில் பரப்பி ரோடு ரோலரை ஏற்றிவிட்டார்கள்!

சரி, பிள்ளையின் உயிரைக் காப்பது எது? 2022-இல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் மாண்டவர்கள் 50,029 பேர் என்று மத்திய சர்க்கார் கணக்குச் சொல்கிறது. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில், விபத்தில் சிக்கியவர்களுக்கு ஹெல்மெட்டினால் மரண அபாயம் 100-க்கு 42 பங்கும், தலைக்காயம் 69 பங்கும் குறைவதாகத் தெரிகிறது. குழாய்ச் சப்தத்தின் பேரில் இப்படி ஒரு கணக்கை யாராவது காட்டட்டும், பார்க்கலாம்.

ஆகவே, புதுக் குழாய்க்குப் பணம் வேண்டுமென்று பிள்ளை வந்து நின்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். "உயிர் காக்கத்தானே கேட்கிறாய்? வா, போகலாம்" என்று கூடவே கடைக்குப் போங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள். தாடைப் பட்டையைப் பூட்டினால்தான் அது ஹெல்மெட். இல்லாவிட்டால் வெறும் தொப்பி.

ஒன்று போதாது, இரண்டாக வாங்குங்கள். மேலே சொன்ன 50,029 பேரில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, உடன் சென்றவர்கள். பின் ஸீட்டில் உட்காருவது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொண்டை கலையும், பூ நசுங்கும் என்கிறீர்களா? பூவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த பிறகு சூடிக்கொள்ளுங்கள்.