படித்த பிறகு மறுப்போம்

நம் காது ஒலியைக் கேட்கிறது. தானும் ஒலி எழுப்புகிறது. பச்சிளங்குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் இருக்கிறதா என்று மருத்துவமனைகளில் சோதிக்கும் முறைகளில் ஒன்று இதை நம்பியே நடக்கிறது. காதுக்குள் 'கிளிக்' ஒலியை அனுப்பி, உட்செவியிலிருந்து திரும்பி வரும் மிக மெல்லிய ஒலியை மைக்கில் பதிவு செய்கிறார்கள். காதிலிருந்து ஒலி வரக்கூடும் என்று 1948இலேயே ஒருவர் எழுதிவிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செவியியல் துறை அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் தாமஸ் கோல்ட். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக ரேடார் ஆய்வில் ஈடுபட்டவர். செவி மருத்துவர் அல்லர். உட்செவியின் காக்ளியாவில் நிறைந்திருப்பது திரவம். திரவத்துக்குள் அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடும். பிறகு எப்படி நெருங்கிய சுருதிகளைக்கூட நம்மால் பிரித்தறிய முடிகிறது? காக்ளியா தன் ஆற்றலைச் செலவிட்டு அதிர்வைப் பெருக்குகிறது என்றார் கோல்ட். அந்தப் பெருக்கம் அளவு மீறினால் காதே ஒலி எழுப்பும் என்றும் கணித்தார்.

அன்று துறையில் ஓங்கி நின்ற பெயர் கியார்க் வான் பெகேஷி. இறந்தவர்களின் உட்செவியில் அலை பரவும் விதத்தைக் கண்டறிந்து 1961இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் கண்ட அலை உண்மையே. ஆனால் உயிரோடு சேர்ந்து நின்றுபோகும் ஒரு செயலை இறந்த காது காட்டாது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், உயிருள்ளவர்களின் காதிலிருந்து வரும் ஒலியைப் பதிவு செய்து வெளியிட்டார். அதன் பிறகே கோல்டின் கருத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது.

இதனால் மரபை மீறுபவரெல்லாம் மேதை என்றாகிவிடாது. அதே 1948இல் கோல்ட், ஹெர்மன் போண்டியுடன் சேர்ந்து, பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற கொள்கையையும் வெளியிட்டார். வானியலாளர்கள் அதைப் படித்தார்கள், வாதிட்டார்கள், வானை அளந்து பார்த்தார்கள். பிரபஞ்சத் தொடக்கத்தின் எச்சமாகக் கருதப்படும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு 1965இல் அறிவிக்கப்பட்டது; அது அந்தக் கொள்கைக்குப் பேரடியாக விழுந்தது. ஒரே மனிதர், ஒரே ஆண்டு; ஒன்று நிலைத்தது, மற்றது வீழ்ந்தது. ஆளையோ பட்டத்தையோ பார்த்து இந்தத் தீர்ப்பை யாரும் வழங்கியிருக்க முடியாது.

ஆகவே கருத்தைச் சோதித்த பிறகே தீர்ப்பு வழங்கும் பொறுப்பில் எல்லோருக்கும் பங்குண்டு. புதுக் கருத்தை முன்வைப்பவர், அது எந்தச் சோதனையில் தோற்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலகம் தன்னைப் புறக்கணிக்கிறது என்ற புகார் சான்றாகாது. ஆய்வுக் கட்டுரை மதிப்பீட்டாளர், எந்த அளவீடு பிழை, எந்தக் கணக்கு இடறுகிறது என்று சுட்டி மறுக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள், வேறு துறையிலிருந்து வருபவரையும் கருத்தரங்க மேடையில் ஏற்றிக் கேள்வி கேட்க வேண்டும். ஊடகங்கள் சோதனை முடியுமுன் 'அதிசயம்' என்றோ 'மோசடி' என்றோ தலைப்பிடாதிருக்க வேண்டும். வகுப்பறையில் மாணவர் வினோதமான கேள்வி கேட்டால், அதை எப்படிச் சோதிக்கலாம் என்று ஆசிரியர் திருப்பிக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் படிக்க எவருக்கும் நேரமில்லை என்பது உண்மை. படிக்காததைப் பற்றி இன்னும் படிக்கவில்லை என்று சொல்லலாம். அதில் இழுக்கு ஏதுமில்லை. படித்துவிட்டு மறுப்பவர் அறிவியலுக்குத் தொண்டு செய்கிறார். படிக்காமல் மறுப்பதை ஆய்வுக்கூடத்திலும் வகுப்பறையிலும் செய்தி அறையிலும் இன்றே கைவிடுவோம்.