குழந்தை நட்சத்திரம் வளர்ந்த பிறகு

திரையில் மழலை பேசும் குழந்தையிடம் நம் ஜனங்களுக்கு அபாரமான பிரியம் உண்டு. ஆனால் அந்தப் பிரியத்துக்கு ஆயுள் சொற்பம். குரல் உடைந்து மீசை அரும்பியதும் அது மாயமாய் மறைந்துவிடுகிறது! பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று விசாரிப்பார் இல்லை.

விசாரிக்கத் தகுந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வோம். ஆற்காடு சாலை வழியே பூந்தமல்லிப் பக்கம் போகும் நேயர்கள் வடபழனியில் ஏவி.எம். ஸ்டூடியோ வாசலைப் பார்த்திருப்பார்கள். 1960-ல் அந்த ஸ்தாபனம் வெளியிட்ட 'களத்தூர் கண்ணம்மா'வில் அநாதை விடுதிச் சிறுவனாகத் தோன்றியபோது, கமல்ஹாசனுக்கு ஆறு வயது கூட நிரம்பவில்லை. 1962-ல் சிவாஜி கணேசன் நடித்த 'பார்த்தால் பசி தீரும்' படத்தில் இரட்டை வேஷம். மறு வருஷம் எம்.ஜி.ஆருடன் 'ஆனந்த ஜோதி'.

அப்புறம் வந்தது, குழந்தையும் அல்ல, வாலிபனும் அல்ல என்னும் பருவம். அப்போது அவருக்கு இடம் கொடுத்தது அவ்வை டி. கே. சண்முகத்தின் நாடக சபை. பின்னர் தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக வேலை. ஜனங்கள் எந்த வசனத்தில் இருமுகிறார்கள், எதில் மூச்சை அடக்குகிறார்கள் என்பதை மேடை நடிகன் நேரே காண்கிறான். எழுதப் போகிறவனுக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை ஏது?

பலன் 1992-ல் தெரிந்தது. 'தேவர் மகன்' கதை, திரைக்கதை, வசனம் எல்லாம் கமல்ஹாசன் எழுதியவை. முப்பது வருஷங்களுக்கு முன் சிவாஜியின் படத்தில் சிறுவனாக நடித்தவர், அதே சிவாஜி பேச வேண்டிய வசனங்களை எழுதிக் கொடுத்தார்! 2004-ல் 'விருமாண்டி'யில் ஒரே சம்பவத்தை இருவர் வாயால் இரு விதமாகச் சொல்ல வைத்தார்.

இதைக் கண்டு பெற்றோர் மயங்கிவிடக் கூடாது என்பது நம் அபிப்பிராயம். அவருடைய பள்ளிப் படிப்பு நடுவிலேயே நின்றது. நாடக சபை அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்தது. எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஒரு சபை கிடைக்குமா?

2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, குழந்தை நடிகர் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரிலேயே பாங்கியில் போடப்பட வேண்டும். படிப்பு தடைப்படாமல் ஏற்பாடு வேண்டும். குழந்தையை ஸ்டூடியோவுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் பாடத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பார்களாக!