ஐம்பதில் வளையும் கை

கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயிலில் வரதுங்கராம பாண்டியரின் ஏட்டுச் சுவடிகள் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தன. உ.வே. சாமிநாதையர் தேடி வந்தபோது அவை இல்லை. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்வதாக நம்பி எரித்துவிட்டார்கள். அந்தக் கொடுமையை 'என் சரித்திரம்' நூலில் அவர் மனம் வெந்து பதிவு செய்திருக்கிறார். எரித்தவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் நம்பியதை அவர்களும் நம்பினார்கள், அவ்வளவுதான்.

இன்றும் எங்கள் பக்கம் எல்லோரும் நம்புகிற ஒன்று உண்டு. படம் வரைவது பிறவியிலேயே வர வேண்டுமாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதாம். சங்கரன்கோவிலில் முப்பது வருடம் தறி ஓட்டியவரோ, ஓய்வு பெற்ற வாத்தியாரோ ஒரு பென்சிலும் நான்கு தாளும் வாங்கி வந்து, இனி முகம் வரைந்து பிழைக்கப்போகிறேன் என்றால் வீடே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

கோவில்பட்டி நமக்குத் தூரமில்லை. அங்கே வாழ்ந்த சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1940-களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். பிறந்தது 1898. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய காலண்டர் சாமிகளை அவர் எழுதத் தொடங்கியது நாற்பதைத் தாண்டிய பிறகுதான்.

அவர் இளமையிலேயே படித்தவராயிற்றே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் அவருடைய படங்களின் அடியிலேயே இருக்கிறது. பல படங்களில் குருவின் பெயரோடு டி.எஸ். சுப்பையா போன்ற சீடர்களின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். பிறவி வரத்தில் இருவர் கையெழுத்துப் போட முடியாது. கற்றுக்கொடுத்து, கற்றுக்கொண்ட வேலையில்தான் போட முடியும்.

முகம் வரைவதில் என்ன கற்க இருக்கிறது? தலையின் உச்சிக்கும் தாடைக்கும் சரி நடுவில் கண் இருக்கிறது. புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் அதை மேலே தூக்கி வைத்து நெற்றியைக் குறுக்கிவிடுவார்கள். வெளிச்சம் படும் கன்னத்தையும் நிழல் விழும் கன்னத்தையும் ஒரே நிறத்தில் தீட்டினால் முகம் தட்டையாகிவிடும். மூக்கைக் கோடாகப் போடக் கூடாது, அது நிழலால் எழும்ப வேண்டும். இவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் உரிய பழக்கம். சேலையில் ஒரு இழை நிறம் மாறினால் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடும் நெசவாளிக்கு அந்தக் கண் பாதி வந்துவிட்டது. ஆயிரம் தலைகளைக் கையால் தொட்டறிந்த முடிதிருத்துநருக்கு மண்டையின் வாகு தெரியும். முப்பது வருடம் வகுப்பில் முகங்களைப் பார்த்தே மனசைப் படித்த வாத்தியாருக்குத் தெரிவது, இருபது வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்?

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு 1936-இல், இருபத்தைந்து வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் அதற்கே முதல்வரானார். தாகூர் தீவிரமாக வரையத் தொடங்கியது அறுபதைக் கடந்த பிறகு. 1930-இல் பாரிசில் கண்காட்சி வைத்தார். அவர் வரைந்ததில் முகங்களே எத்தனை!

எளிது என்று யாரையும் ஏமாற்ற மாட்டேன். முதல் ஐம்பது முகங்களில் சாயல் வராது. ஓரிரு வருடம் தினமும் உட்கார வேண்டும். அதுவரை கையிலிருக்கும் வருமானத்தை விட்டுவிடக் கூடாது.

படம் பிறவியிலேயே வர வேண்டும் என்ற நம்பிக்கை வரைய வருகிறவரை மட்டும் கெடுக்கவில்லை, வரைந்து பிழைப்பவரின் வயிற்றிலும் அடிக்கிறது. சாமி கொடுத்த திறமைதானே, இதற்கா இவ்வளவு கேட்கிறாய் என்று பேரம் பேசுகிறோம். பல நாள் உழைப்பு நம் கண்ணில் படுவதே இல்லை. கடைசியில் ஓவியரிடம் போகாமல், இறந்துபோன தாத்தாவின் ஆதார் படத்தைப் பெரிதாக்கி, மங்கிப்போன அந்த முகத்துக்கு மாலை போட்டு விளக்கு வைக்கிறோம்.

உங்கள் வீட்டில் ஐம்பது வயதில் ஒருவர் பென்சிலைத் தொட்டால் சிரிக்காதீர்கள். எதிரே ஒரு நாற்காலி போட்டு, அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். படம் உங்களைப் போல வந்ததும், கேட்ட காசைக் கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டுங்கள்.