கேட்க வருபவர்களுக்காகவும் உறுமி ஒலிக்கட்டும்

சிங்கப்பூரில் உறுமி மேளத்தைக் கேட்காத தமிழர் அநேகமாக இருக்கமாட்டார். ஆனால், உறுமி மேளத்தைக் கேட்பதற்கென்றே வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்கள் எத்தனை பேர்? திருமணத்துக்குப் போனோம், அங்கே மேளம் இருந்தது. திருவிழாவுக்குப் போனோம், அங்கேயும் இருந்தது. சமூக மன்றத்தில் பொங்கல் வைத்தார்கள், ஓர் ஓரத்தில் நின்று யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த 'யாரோ'க்களில் நானும் ஒருத்தி. ஐந்து ஆண்டுகளாக ஓர் இளையர் உறுமிக் குழுவில் தப்பு அடிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக அதன் பொருளாளர். கணக்கு எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எங்களுக்குப் பணம் தருபவர் ஒருவர், எங்களைக் கேட்பவர் வேறொருவர். இந்த இடைவெளியை மூடாதவரை எங்களைப் போன்ற குழுக்களுக்கு வாடிக்கையாளர்கள் இருப்பார்கள், ரசிகர்கள் இருக்கமாட்டார்கள்.

எண்களைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் 16 பேர். இளையவருக்கு 15 வயது, மூத்தவருக்கு 24. ஐவர் பெண்கள். சென்ற ஆண்டு வரவு ஏறத்தாழ 11,400 வெள்ளி. அதில் 9,000 வெள்ளிக்கும் மேல் திருமணங்களிலிருந்தும் நிறுவன விருந்துகளிலிருந்தும் வந்தது. மீதி, உறுப்பினர்களின் மாதச் சந்தாவும் சமூக நிகழ்ச்சிகளில் 'போக்குவரத்துப் படி' என்று உறையில் போட்டுத் தருவதும். செலவில் பெரியது ஒத்திகை அறை. வீவக கீழ்த்தளத்தில் உறுமியை எடுத்தால் பத்தே நிமிடத்தில் மேல்மாடியிலிருந்து யாராவது இறங்கி வந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே ஒரு தொழிற்பேட்டையில் மணிக்கு 25 வெள்ளிக்கு அறை எடுக்கிறோம். வாரம் மூன்று மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 3,900 வெள்ளி அங்கேயே போய்விடுகிறது. பிறகு லாரி வாடகை, உடை, கிழிந்த தோலை மாற்றுவது. ஆண்டு இறுதியில் கையில் சில நூறு வெள்ளி நின்றால் அது நல்ல ஆண்டு.

இதில் என்ன குறை, வண்டி ஓடுகிறதே என்று கேட்கலாம். குறை கணக்கில் தெரியாது, தாளத்தில்தான் தெரியும். திருமணத்தில் எங்களுக்குக் கிடைப்பது மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும் ஏழெட்டு நிமிடங்கள். முதல் அடியிலேயே வேகம் வேண்டும், மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட வேண்டும். உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் உரசும்போது எழுகிற அந்த உறுமல்தான் கருவிக்கே பெயர் கொடுத்தது. அதை மெதுவாக, தனியாகக் கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ நகர்வதுபோல் இருக்கும். மண்டபத்தில் அது யார் காதிலும் விழாது. நான்கு டோல்கள் சேர்ந்து முழங்கும்போது உறுமி வெறும் அலங்காரம். புதிதாகச் சேரும் பையன்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். உறுமி கற்கப் பல மாதங்கள் ஆகும், டோலில் மூன்றே வாரத்தில் மேடை ஏறிவிடலாம். பிறகு யார் உறுமியைத் தொடுவார்? எங்கள் குழுவில் உறுமியை ஒழுங்காக உரசத் தெரிந்தவர்கள் இன்று மூவர். அவர்களில் இருவர் இந்த ஆண்டு தேசிய சேவைக்குப் போகிறார்கள்.

பணம் தருபவருக்கு ஏற்றாற்போல் தாளம் மாறுகிறது. திருமண வீட்டாரின் தவறு இல்லை இது. அவர்கள் கேட்டது கொண்டாட்டம், அதைக் கொடுக்கிறோம். ஆனால், கொண்டாட்டத்துக்கு மட்டுமே அடித்துப் பழகிய கை வேறெதற்கும் வளையாது.

கோயிலை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. கோயிலில் அடிப்பது வேண்டுதல். அங்கே கேட்பவர் யார், பணம் எவ்வளவு என்ற பேச்சே வரக்கூடாது என்பது எங்கள் குழுவில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரே விஷயம். ஆனால், இங்கே ஒரு வரலாற்றை மறந்துவிடக்கூடாது. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலப் பாதையில் 1973ல் இசைக்குத் தடை வந்தது. பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது 2016ல்தான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல்! சிங்கே ஊர்வலம் தொடங்கியதும் அதே 1973ல்தான் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். நம் பெற்றோர் தலைமுறை இளையராக இருந்த காலம் முழுவதும் சாலையில் நின்று நல்ல மேளம் கேட்டு, 'இந்தக் குழுவைவிட அந்தக் குழு நன்றாக அடித்தது' என்று பேசிப் பழக வாய்ப்பே இல்லை. உறுமி என்றாலே சண்டை, வம்பு என்ற பேச்சும் அந்தக் காலத்து மிச்சம்தான். நான் சேர்ந்தபோது என் பாட்டி இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்பதே அவர் கேள்வி. ரசிகர்கள் தானாக உருவாகாத நாட்டில் அவர்களை நாம்தான் உருவாக்க வேண்டும்.

உருவாக்குவது எப்படி என்பதில் எனக்கும் குழுவின் மூத்தவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இலவசமாக நிறைய இடங்களில் அடித்தால் பெயர் பரவும், கூட்டம் தானாக வரும் என்கிறார்கள் அவர்கள். நான் நம்பவில்லை. சமூக நிகழ்ச்சிகளில் ஏற்பாட்டாளர்கள் 'வருகையாளர் 500 பேர்' என்று அறிக்கை எழுதுவார்கள். அந்த 500 பேரில் 450 பேர் பிரியாணி வரிசையில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றதை நான் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன். சமூக ஊடகமும் இப்படித்தான். எங்கள் காணொளி ஒன்றை 40,000 முறை பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நுழைவுச்சீட்டு வாங்கினோம் என்று சொன்னவர்கள் இருவர்.

எந்த நுழைவுச்சீட்டு என்கிறீர்களா? சென்ற ஆண்டு ஒரு முறை, ஒரே ஒரு முறை, 120 இருக்கைகள் உள்ள சிறிய அரங்கை எடுத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்தினோம். கட்டணம் 12 வெள்ளி. அரங்கு, விளக்கு, ஒலி எல்லாம் சேர்த்து 1,650 வெள்ளி செலவு. விற்றது 87 சீட்டுகள், அதாவது 1,044 வெள்ளி. நட்டம் 606. "அறுநூறு வெள்ளிக்குப் புது டோலே வாங்கியிருக்கலாமே, தங்கச்சி," என்று எங்கள் அண்ணன் ஒருவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். எங்கள் கணக்கில் உள்ள செலவுகளிலேயே மிகப் பயனுள்ள செலவு அதுதான் என்று இன்றைக்கும் நான் பதில் சொல்கிறேன்.

ஏனென்றால் அந்த 87 பேரில் 37 பேர் எங்களில் எவருக்கும் உறவோ நட்போ இல்லாதவர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தமிழர் அல்லர். காசு கொடுத்து வந்ததால் உட்கார்ந்து கேட்டார்கள். நிகழ்ச்சியின் நடுவில் நான்கு நிமிடங்களுக்கு உறுமி மட்டும். டோல் இல்லை, தப்பு இல்லை. அந்த நான்கு நிமிடங்களுக்காக உறுமிக்காரர்கள் மூவரும் மூன்று மாதம் பழகினார்கள். எந்தத் திருமணத்துக்கும் அவர்கள் அப்படிப் பழகியதில்லை. முடிந்ததும் டோல் அடிக்கும் 16 வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "அக்கா, நானும் உறுமி கத்துக்கலாமா?" என்றான். கவனமாகக் கேட்பவர்கள் முன்னால் இருந்தால் அடிப்பவர்களும் மாறுகிறார்கள்.

இந்த இடத்தில் கடற்பாலத்துக்கு அப்பால் கொஞ்சம் பார்க்கலாம். இருபத்து நான்கு பருவ முரசு என்ற சீன முரசுக் கலை ஏதோ ஆயிரம் ஆண்டுப் பழமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது 1988ல் ஜோகூர் பாருவில் உருவாக்கப்பட்டது. அங்குள்ள ஃபூன் இயூ உயர்நிலைப்பள்ளியில் முதல் குழு தொடங்கியது. சீன நாட்காட்டியின் 24 பருவங்களின் பெயர்கள், முரசுக்கு ஒன்றாக, தூரிகை எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். 2009ல் மலேசியா அதைத் தேசிய மரபுடைமையாக அறிவித்தது. இருபத்தொரு ஆண்டுகளில்! அது பள்ளிகளில் வேர்விட்டதால் ஆண்டுதோறும் புது மாணவர்கள் வருகிறார்கள், படித்து முடித்துப் போனவர்கள் பெற்றோரோடும் நண்பர்களோடும் பார்வையாளர்களாகத் திரும்புகிறார்கள். முரசின் மேலேயே அதன் கதை எழுதியிருப்பதால் புதிதாகப் பார்ப்பவருக்கும் அதைச் சொல்லிவிட முடிகிறது. நம் உறுமிக்கும் கதை உண்டு. தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்கு வந்தவர்களின் வழிபாட்டோடும் சாவு வீட்டோடும் திருவிழாவோடும் பிணைந்த கதை. ஆனால், என் சீனத் தோழி "உறுமி என்றால் என்ன, ஒரே வரியில் சொல்" என்று கேட்டபோது குழுவில் ஆளுக்கொன்று சொன்னோம். இப்போது எந்த நிகழ்ச்சியிலும் முதல் இரண்டு நிமிடங்கள் கருவிகளை ஒவ்வொன்றாக ஒலித்துக் காட்டுகிறோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்கிறோம். திருமண வீட்டில் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை, பள்ளிகளில் ஒப்புக்கொள்கிறார்கள்.

பணத்துக்கு மானியம் இருக்கிறதே என்று பலர் சொல்வார்கள். இருக்கிறது, தேசியக் கலைகள் மன்றத்திடமும் தேசிய இளையர் மன்றத்திடமும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பப் படிவம் நிரப்புவதே ஒரு கலை, அதை உயர்நிலைப்பள்ளியிலேயே கற்றுக்கொள்வது நல்லது. ஆனால், மானியம் பெரும்பாலும் ஒரு திட்டத்துக்குக் கிடைப்பது. வாராவாரம் ஒத்திகை அறைக்குக் கட்டும் 75 வெள்ளிக்கு அது பதில் ஆகாது. நன்கொடைக்கு ஈடாக அரசாங்கம் அதே அளவு தொகை தரும் கலாசார இணை நிதித் திட்டம் 2013ல் தொடங்கியது. அது அறக்கொடை அமைப்புகளுக்குத்தான், எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு எட்டாது. எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்காக 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் கிடைத்திருக்கிறது. 2028 இறுதிவரை அதைப் பயன்படுத்தலாம். அந்த நூறு வெள்ளியை ஒருவர் எங்கே செலவிடுகிறாரோ அங்கே அவர் ரசிகராக வருகிறார். ஆனால், நிகழ்ச்சிக்கு ஒப்புதல் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட தளத்தில் சீட்டு விற்றால்தான் அதை வாங்க முடியும். இலவசமாக மட்டுமே அடிக்கும் குழுவுக்கு அதிலிருந்து ஒரு காசுகூட வராது.

சந்தாவை உயர்த்தலாம் என்ற யோசனையும் வந்தது. மாதம் 10 வெள்ளியை 30 ஆக்கினால் அறை வாடகை முழுவதும் வந்துவிடும். நான் எதிர்த்தேன். முப்பது வெள்ளி கட்ட முடியாமல் முதலில் நின்றுபோகிறவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்குச் சனிக்கிழமை மாலையில் போக வேறு இடம் இல்லை என்பதும் தெரியும்.

அதற்குப் பதிலாக, குழுவைவிட்டுப் போனவர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறோம். தேசிய சேவைக்குப் போய் இரண்டு ஆண்டு கழித்து வருபவர்களில் பலர் குழுவுக்குத் திரும்புவதில்லை. வேலை, படிப்பு, காதல் என்று ஆளுக்கொரு காரணம். இதுவரை அவர்களை இழப்பாகவே எழுதி வந்தோம். உண்மையில் தாளம் தெரிந்த, சம்பாதிக்கத் தொடங்கிய ரசிகர்கள் அவர்கள். பழைய வாட்ஸ்அப் குழுக்களைத் துழாவி 40 பேரின் எண்களைச் சேர்த்திருக்கிறேன். அரங்குக்கு வந்த அந்நியர்களில் மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர்கள் 31 பேர். மொத்தம் 71. நாற்பதாயிரம் பார்வைகளைவிட இந்த 71 பேரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அடுத்த நிகழ்ச்சிக்கு நாள் குறித்தாகிவிட்டது. கட்டணத்தை 15 வெள்ளி ஆக்கலாம் என்று நான் முன்மொழிந்திருக்கிறேன். 12 போதும் என்கிறார் அண்ணன், 'வருகிறவர்களும் வராமல் போய்விடுவார்கள்' என்பது அவர் பயம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் பிறகு வாக்கெடுப்பு. உறுமி கற்க வந்த அந்தப் பையனுக்கும் இந்த முறை வாக்கு உண்டு.