நரம்பு மாத்திரையும் மேல்வரம்பும்

கால் எரிகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது என்று வருபவருக்கு பி-காம்ப்ளெக்ஸ் எழுதுவது நம் கைக்குப் பழகிவிட்டது. தண்ணீரில் கரையும் சத்துதானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். பிரிடாக்ஸினுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. 1983-இல் ஷாம்பர்க் குழுவினர் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 விழுங்கியவர்கள் அவர்கள். தசை வலு குறையவில்லை. ஆனால் கை கால் மரத்து, நடை தள்ளாடியது. அடிபட்டது உணர்வு நரம்பு.

நம்மில் யாரும் கிராம் கணக்கில் எழுதுவதில்லை, உண்மைதான். ஆனால் குறைந்த அளவிலும் நெடுநாள் எடுத்தவர்களிடம் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான மேல்வரம்பை 25 மி.கி.யிலிருந்து 12 மி.கி.யாகக் குறைத்தது. அமெரிக்காவின் வரம்பு இன்னும் 100 மி.கி. வல்லுநர்களே ஒத்துப்போகாத இடத்தில் நாம் குறைந்த எண்ணின் பக்கம் நிற்பதே நோயாளிக்கு நல்லது. மரமரப்பு கூடக் கூட அதே மாத்திரையை இரண்டு வேளையாக்குவதுதான் பெரிய ஆபத்து. அட்டையைத் திருப்பி மில்லிகிராமைப் பாருங்கள்; வீட்டிலுள்ள மற்ற சத்து மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல்லிக் கூட்டிப் பாருங்கள். நிறுத்திய பிறகும் சில வாரம் எரிச்சல் கூடலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால், மாத்திரையை விட்டதால்தான் இப்படி என்று நோயாளி மறுபடி தொடங்கிவிடுவார்.

ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவரின் கால் எரிச்சலுக்கு பி12 குறைவு காரணமாக இருக்கலாம். அளந்து பார்த்து, குறைந்திருந்தால் பி12-ஐ மட்டும் போதிய அளவில் கொடுப்போம். பி12 பார்க்காமல் 5 மி.கி. ஃபோலிக் அமிலம் மட்டும் தந்தால் ஹீமோகுளோபின் ஏறும். தண்டுவடமோ உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

தேவையான இடத்தில் தயக்கம் கூடாது. ஐசோனியாசிட் எடுப்பவருக்கு பி6 வேண்டும். குடிப்பழக்கத்தால் உடல் தேய்ந்து, குழம்பிய நிலையில் வருபவருக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின் ஊசி போட வேண்டும்.

இன்னொன்று, முடி வளர விற்கும் பயோட்டின். நாள் தேவை 30 மைக்ரோகிராம் அளவில்தான். மாத்திரையிலோ 10 மி.கி. வரை இருக்கிறது. இது சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச்.சையும் ட்ரோபோனினையும் பொய்யாகக் குறைத்துக் காட்டும். தைராய்டு பரிசோதனைக்கு முன் இரண்டு நாளாவது நிறுத்தச் சொல்லலாம். நெஞ்சுவலியோடு வருபவரிடம் அந்த அவகாசம் கிடையாது. முடி மாத்திரை உண்டா என்று அப்போதே கேட்டு, ஆய்வகத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.